சம்படத்துக்குள் இருந்த செங்கரை அவரை

திருப்பூரில் இப்போது மொட்டை மாடி இருக்கிறவர்கள் எல்லோரும் விவசாயிகள். பச்சை வலை கட்டி, பையில் மண் நிரப்பி, கத்தரியும் தக்காளியும் போட்டு, முதல் காய் காய்த்ததும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் விதைப் பாக்கெட்டில் பாதியைப் போட்டுவிட்டு மீதியை ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்து மறந்துவிடுகிறார்கள். அடுத்த பட்டத்துக்கு அது கண்ணில் படும்போது என் ஞாபகம் வந்துவிடும். "ஏனுங்க, போன வருசம் வாங்குன வெண்டை வெதைங்க. இப்பப் போட்டா மொளைக்குமுங்களா?" கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு கேட்டவர்கள் உண்டு. பல் டாக்டர் ஒருவர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

நான் அரசு விதைப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே இப்போது விதை எண்ணுவதற்கு இயந்திரம் வந்துவிட்டதாம். முளைத்த நாற்றைக் கேமராவே பார்த்துத் தரம் பிரித்துவிடும் என்றும் பேச்சு. இயந்திரம் வந்திறங்கிய அன்று, என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "சார், எந்த விதை எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்னு பத்து வரியில எழுதிக் குடுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்." பத்து வரி என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத இப்படி நீண்டுவிட்டது. போர்டைப் பெரிதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்ட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு. ஒரு வருஷம் தாண்டினால் நம்ப வேண்டாம். வெண்டை, மிளகாய் இரண்டு வருஷம் போகும். தக்காளியும் கத்தரியும் நாலைந்து வருஷம் தாங்கும். பூசணி, சுரை, வெள்ளரியும் அப்படித்தான். அவரை வகையறா மூன்று வருஷம் என்று வையுங்கள். ஒழுங்காகக் காய வைத்து, காற்றுப் புகாமல், குளிர்ச்சியான இடத்தில் வைத்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. மற்றவர்களுக்குக் கணக்கே கிடையாது.

இந்தக் கணக்கை நாற்பது தடவை நானே மேடையேறிப் பேசியிருக்கிறேன். அதையெல்லாம் தாண்டி உட்கார்ந்திருந்த ஒரு விதையைப் பார்த்த பிறகு, பேசும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

எங்களுடையது பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். பங்காளிகள் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனி போட்டார்கள், கார் வாங்கினார்கள். நான் விவசாயம் படித்துவிட்டு அரசு வேலைக்குப் போனேன். என்ன வேலை என்று கேட்டால், விதை முளைக்கிறதா என்று பார்க்கிற வேலை. கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு இது பெரிய சங்கடம். "மொளைக்குதான்னு பாக்கறதுக்குக் கவர்மெண்ட்ல சம்பளங்களா? எங்க ஊட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க?" என்று கேட்டாள். ஆபீசர் என்று சொல் என்றேன். அவள் கடைசி வரை அப்படிச் சொல்லவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்ணினோம், சுருட்டினோம், திரும்ப எண்ணினோம். மூட்டையிலிருந்து வந்த மாதிரியைக் கலந்து, பிரித்து, மறுபடி கலந்து, அதிலிருந்து நல்லது கெட்டது பார்க்காமல் நானூறு விதை எடுக்க வேண்டும். ஈரக் காகிதத்தின்மேல் வரிசையாகப் பரப்பி, மேலே இன்னொரு ஈரக் காகிதம் போட்டு, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, முளைப்பு அறையில் நிறுத்தி வைப்போம். பயிருக்குப் பயிர் நாள் மாறும். குறித்த நாளில் முதல் எண்ணிக்கை, பிறகு கடைசி எண்ணிக்கை. சுருளைப் பிரித்ததும் முளைத்ததை எல்லாம் முளைத்தது என்று சொல்லிவிட முடியாது. வேரும் தண்டும் முழுசாக இருந்தால் இயல்பான நாற்று. வேர் முண்டாகவோ தண்டு முறுக்கிக்கொண்டோ இருந்தால் இயல்பற்ற நாற்று. முளைக்காமல் கிடப்பதிலும் வகை உண்டு. தண்ணீரே குடிக்காமல் கல்லாகக் கிடப்பது கடின விதை. குடித்துவிட்டு யோசனையில் கிடப்பது ஒரு ரகம். விரலால் அழுத்தினால் பிசுக்கென்று போவதுதான் இறந்த விதை.

முதல் வருஷத்திலேயே என்னை வாயடைக்க வைத்தது ஒன்று உண்டு. அதற்குச் சாயச் சோதனை என்று பெயர். டெட்ரசோலியம் என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்தால் நிறமே தெரியாது. விதையை ஊற வைத்து, கருவோடு சேர்த்து நெடுக்காக வெட்டி, அந்தத் தண்ணீரில் போட்டு, வெளிச்சம் படாமல் வெதுவெதுப்பாக வைத்திருப்போம். சில மணி நேரம் கழித்துத் திறந்தால், உயிருள்ள இடம் மட்டும் சிவந்திருக்கும். செத்த இடம் வெள்ளையாகவே கிடக்கும். வெளியிலிருந்து சிவப்பு எதையும் நாம் ஊற்றுவதில்லை. விதை மூச்சு விடுகிறது, அந்த மூச்சு பட்ட இடத்தில்தான் உப்பு சிவப்பாகிறது. சாயப்பட்டறை ஊரில் பிறந்து எத்தனையோ சிவப்பு பார்த்தவன் நான். அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை, அந்தக் கண்ணாடித் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பல அதிகாரிகளின்கீழ் வேலை பார்த்தேன். கடைசியாக வந்தவர் அருள்செல்வி மேடம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். வாட்ச்மேனிலிருந்து எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் அவர் பக்கத்தில் நின்றால் நாம் தானாக இன்னொரு தடவை எண்ணுவோம். ஒரே சுருளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் முதலிலிருந்து. முளைக்காத விதைகளை மட்டும் யாரிடமும் விடமாட்டார். ஜன்னலோரம் கொண்டுபோய், வெயில் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கடைசி எண்ணிக்கை முடிகிறவரை அவர் எதிரில் யாரும் செத்துவிட்டது என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. ஒருமுறை நான் சொல்லிவிட்டேன். "சார், இன்னும் ரெண்டு நாள் அவங்களுக்கு இருக்கு" என்றார். விதையைத்தான் அவங்க என்றார்.

அவரிடம் மாட்டிய முதல் ஆள் என் பங்காளி சின்னச்சாமி. அவிநாசி ரோட்டில் கம்பெனி நடத்தினாலும் ஊரில் இரண்டு ஏக்கரில் வெண்டை போடுவதை அவன் விடவில்லை. ஒரு பை நிறைய விதையோடு வந்தான்.

"அண்ணா, சொந்த வெதைங்க. ஆறே மாசந்தான் ஆச்சு. கம்பெனியில அயர்னிங் செக்சனுக்கு மேல பரண் இருக்குதில்லீங்க, அங்க வச்சிருந்தனுங்க. எந்நேரமும் சூடு இருக்குமுங்க. நல்லாக் காஞ்சிருக்குமில்லீங்களா?"

அயர்ன் மேசையிலிருந்து கிளம்புகிற நீராவி நேராக மேலே போய் அந்தப் பரணில்தான் தங்கும். விதைக்கு எமன்கள் இரண்டு பேர், சூடும் ஈரமும். சின்னச்சாமி இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, ஒரே அறையில் படுக்க வைத்திருந்தான். மேடம் ஜன்னலோரம் நின்று அத்தனையையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டுவிட்டார். ஒரு விதைகூட மிஞ்சவில்லை. பனியனுக்கு நல்லதெல்லாம் வெண்டைக்கு நல்லதா என்று அவனை நான் கேட்டதை அவன் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சின்னச்சாமிதான் ஒருநாள் போன் பண்ணினான். "அண்ணா, நம்ம கம்பெனி அம்மா ஒண்ணு வருமுங்க. ஊர்ல வெள்ளம் வந்து எல்லாம் போச்சுங்களாமா. ஏதோ வெதை வச்சிருக்குதாமா. கொஞ்சம் பாத்து உடுங்க."

வந்தவள் முத்துமாரி. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து, அவன் கம்பெனியின் பேக்கிங் செக்சனில் வேலைக்குச் சேர்ந்தவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கையிலிருந்த சின்னப் பையைப் பிரித்து என் மேசையில் கொட்டினாள். கறுப்பு அவரை விதை, ஒரு கைகூட நிறையாது.

"இதுல உசுரு இருக்கான்னு மட்டும் சொல்லிருங்கய்யா," என்றாள்.

விசாரித்தேன். அவள் ஊரில் வேலிக்கு வேலி செங்கரை அவரை என்று ஒன்று படருமாம். பச்சைக் காய், விளிம்பு முழுக்க வேட்டிக் கரைபோலச் சிவப்பு. தையில் தொடங்கினால் கோடை வரை காய்க்கும். பக்கத்து ஊர்ச் சந்தையில் பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்களாம். அந்த வருஷம் பெய்த பெருமழையில் குளம் உடைத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. வேலிகள் போயின. பானையிலும் பரணிலும் வைத்திருந்த விதையெல்லாம் ஊறி அழுகிப்போனது.

"தம்பி போன்ல அழுதான்யா. அரிசி குடுத்தாங்களாம், பாய் குடுத்தாங்களாம். இந்த அவரைய யாரு குடுப்பா? ஊர்ல ஒரு வீட்லயும் இல்லைங்கான். ஒன்கிட்ட ஏதும் கெடக்கான்னு பாருக்காங்கான்."

அவளிடம் கிடந்தது. மூத்த மகள் தவழ்கிற வயதில் ஊரிலிருந்து எடுத்து வந்த விதை. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற லைன் வீட்டில் போட மண் இல்லை, சுவரில் கொடி ஏற்ற வீட்டுக்காரர் விடவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அப்போது தவழ்ந்த மகள் இப்போது அதே கம்பெனியில் டெய்லர்.

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. அவர்கள் வீட்டு வேலியில் அப்போது இரண்டு அவரை இருந்ததாம், ஒன்று செங்கரை, இன்னொன்று கடையில் எங்கும் கிடைக்கிற வெள்ளை அவரை. இரண்டுக்கும் விதை கறுப்புதான். "எதை அள்ளிட்டு வந்தேன்னு நெனப்பே இல்லய்யா. இது அது இல்லைன்னா, பிறகு அது எங்கயுமே இல்ல."

மேடத்திடம் கொண்டுபோனேன். விதையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்த அளவுக்கு ரிசல்ட் குடுக்க முடியாதும்மா. எங்களுக்கு நானூறு வேணும்."

முத்துமாரியின் முகம் விழுந்துவிட்டது. பையை எடுக்கக் கை நீட்டினாள்.

"ரிசல்ட்தான் குடுக்க முடியாதுன்னேன்," என்றார் மேடம். "பாக்க முடியாதுன்னு சொல்லலையே. உக்காருங்கம்மா."

விதையை எதில் போட்டு வைத்திருந்தாய் என்று கேட்டதற்கு, சம்படத்தில் என்று சொன்னாள், மூடி போட்ட டப்பாவைத்தான் சொன்னாள். எல்லோரும் சொல்கிற பதில்தானே என்று நாங்களும் மேலே கேட்கவில்லை. பத்து விதையை மேடம் எடுத்தார். உருண்டு திரண்டதாகப் பார்த்து எடுக்கலாமே என்று எனக்கு இருந்தது. "நல்லதாப் பாத்து எடுத்தா நம்மள நாமளே ஏமாத்திக்கிறோம் சார்" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஈரக் காகிதத்தில் வைத்துச் சுருட்டினோம்.

மறுநாள் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். விதைகள் அசுர வேகத்தில் தண்ணீர் குடித்து உப்பியிருந்தன. தோல் கிழிந்து, உள்ளே பருப்பு குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. அடுத்த நாள்களில் பால்போல ஏதோ கசிந்து, நாற்றம் வந்து, காகிதமே கொழகொழவென்று ஆனது. அந்த நாள்களில் முத்துமாரி சாப்பாட்டு நேரமெல்லாம் போன் பண்ணுவாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, "வந்துருச்சாய்யா?" என்று கேட்பாள். இன்னும் நாள் இருக்கிறது என்று மேடம் சொல்லச் சொன்னதையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக்கு மூன்று வருஷம் என்று மேடையில் சொன்னவன் நான். இது முடிந்துபோன கதை என்று மனசுக்குள் எழுதிவிட்டேன்.

கடைசி எண்ணிக்கை நாளில் மேடம் அந்தப் பத்தையும் ஜன்னலோரம் கொண்டுபோனார். அழுத்திப் பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் கூழ். ஆனால் அவர் நகரவில்லை. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், வயசாகிச் செத்த விதை இப்படி வெடிக்குமா?"

யோசித்தேன். வெடிக்காது. கிழ விதை மெதுவாகத்தான் ஊறும், மெத்தென்று அடங்கிப்போகும். அத்தனை வருஷம் பார்த்ததில் இப்படி வெடித்து நான் கண்டதில்லை.

"அப்ப இவங்க நம்ம காகிதத்துல ஏறுற வரைக்கும் உயிரோட இருந்திருக்கலாம் சார்," என்றார்.

மீதியில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வது என் பழைய பழக்கம். கடித்தேன். கூழாங்கல், இவ்வளவு காய்ந்த விதையை நான் கடித்ததே இல்லை. பல் டாக்டரிடம் நான் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முத்துமாரிக்குப் போன் போட்டு, அந்தச் சம்படத்தையே எடுத்து வரச் சொன்னோம்.

எவர்சில்வர் சம்படம். திறந்தால் உள்ளே துணி போடுகிற பாலிதீன் கவர், அதற்குள் இன்னொரு கவர், வாயெல்லாம் பெட்டி ஒட்டுகிற டேப். சுற்றிலும் இண்டு இடுக்கு விடாமல் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். திருப்பூரில் யாருக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் போகிற சரக்குப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடுகிற சிலிக்கா ஜெல்.

"மிஞ்சுனத சூப்பர்வைசர்ட்ட கேட்டுத்தான்யா எடுப்பேன்," என்று முத்துமாரி முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள். "பனியனுக்குப் பூசணம் புடிக்கக் கூடாதுன்னு போடுதோம்லா. விதைக்கும் பூசணந்தானே புடிக்கும்? பொங்கலுக்குப் பொங்கல் பழசத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சிருவேன்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய பெரிய ஊர்களில் விதை வங்கி என்று கட்டி, குளிரூட்டி, ஈரத்தை உறிஞ்சி எடுத்து வைக்கிறார்களே, அதில் குளிரைத் தவிர மற்றதெல்லாம் ஒரு லைன் வீட்டு அலமாரியில், ஒருத்தியின் பொங்கல் சுத்தத்தில் நடந்திருக்கிறது. அதுவும் சின்னச்சாமியின் கம்பெனியில். ஒரு அறையின் பரணில் அவனுடைய வெண்டையை ஆறு மாதத்தில் அவித்த அதே கட்டடம், இன்னொரு அறையின் மிச்சப் பொட்டலத்தால் இந்த அவரையின் மூச்சை நிறுத்தாமல் வைத்திருந்தது. நினைத்துப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

ஆனால் அந்த ஜெல்தான் எங்கள் சோதனையிலும் வில்லன். வருஷக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, விதையை எலும்பாகக் காய வைத்துவிட்டது. அப்படிக் காய்ந்ததை நேராக ஈரத்தில் வைத்தால் தண்ணீர் தறிகெட்டு உள்ளே பாயும், திசுக்கள் தாங்காது. நாலு நாள் பட்டினி கிடந்தவனை உட்கார வைத்து எடுத்தவுடன் பிரியாணி போட்டதுபோல ஆகிவிட்டது. எங்கள் சாதாரண முறை சாதாரண விதைக்கு. இப்படி ஒரு விதை எங்கள் கதவைத் தட்டியதே இல்லை.

மேடம் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. பத்தும் போய்விட்டது, ஏன் போனது என்று சொன்னார். பிறகு, "இன்னும் ஒண்ணு வேணும்மா. அதை வெட்டிப் பாக்கணும். வெட்டினா அது முளைக்காது. உங்க சம்மதம் இல்லாம வெட்டமாட்டேன்" என்றார்.

முத்துமாரி மிச்சமிருந்த விதையை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். "வெட்டுங்கம்மா. உசுரு இருக்கான்னு தெரியாம எல்லாத்தையும் மண்ணுல போட்டா எந்தம்பி தாங்கமாட்டான்."

இந்தத் தடவை அவசரப்படவில்லை. எங்களிடம் ஒரு கண்ணாடி ஜாடி உண்டு, பொருளைக் காய வைப்பதற்கென்றே செய்தது. அடியில் இருக்கிற உறிஞ்சும் மருந்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினோம். மேலே வலைத்தட்டில் விதை. தண்ணீர் விதையைத் தொடாது, அதன் ஆவி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும். சில நாள் அப்படி இருந்தபின், ஒன்றை எடுத்து ஊற வைத்து, மேடமே வெட்டினார். சாயத் தண்ணீரில் போட்டு இருட்டுப் பெட்டியில் வைத்தோம். அந்தச் சில மணி நேரம் ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வாட்ச்மேன்கூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

திறந்தபோது கரு சிவந்திருந்தது. வேர் நுனியிலிருந்து குருத்து வரை, ஒரு புள்ளி விடாமல்.

மேடம் என்னைத்தான் பார்த்தார். ஒரு குழந்தை தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், வேலைக்கும் சேர்ந்துவிட்டது. அத்தனை காலமும் இது ஒரு எவர்சில்வர் சம்படத்துக்குள், வெளிச்சம் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், யாருக்கும் கேட்காத அளவுக்கு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. கோயிலில் எனக்கு வராத பணிவு அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் வந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மிச்சத்தில் பாதியைத் திரும்பச் சம்படத்தில் வைத்து மூடச் சொன்னார் மேடம். மறுபாதியை ஜாடிக்குள் நிதானமாக ஈரம் ஏற்றி, வறுத்து ஆற வைத்த ஆற்று மணலில் ஊன்றினோம். அதற்குப் பிறகு காத்திருப்புதான். நான் வழக்கத்துக்கு முன்பே ஆபீஸ் போகத் தொடங்கினேன். "மொளைக்குதான்னு பாக்கறதுக்கு இத்தன அவசரமுங்களா?" என்று மனைவி டிபன் பாக்சை நீட்டுவாள். ஒருநாள் காலையில் மணல் லேசாக வெடித்திருந்தது. அவரை தலையைக் காட்டி வராது. கழுத்தை வளைத்து, முதுகால் மணலைத் தள்ளிக்கொண்டு வரும். ஒன்று வந்துவிட்டது. பக்கத்தில் இன்னும் நாலு இடத்தில் மணல் தூக்கியிருந்தது. முளைப்பு அறையில் தனியாக நின்று நான் கை தட்டினேன்.

முத்துமாரி சாப்பாட்டு நேரம் வரைகூடப் பொறுக்கவில்லை, பர்மிஷன் போட்டு வந்துவிட்டாள். தட்டின் முன்னால் மண்டியிட்டுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, உடனே வாடிவிட்டது.

"கழுத்து வெள்ளையால்லா இருக்கு."

செங்கரை அவரைக்கு முளையிலேயே கழுத்து சிவந்திருக்குமாம். வெள்ளை அவரைக்கு வெளிறியிருக்குமாம். அவளும் சொன்னாள், தம்பியும் போனில் அதையேதான் சொன்னானாம். இத்தனை பாடும் கடையில் கிடைக்கிற அவரைக்காகத்தானா என்று எனக்கும் தோன்றியது. மேடம் மட்டும் நிதானமாக, "இவங்க இன்னும் வெளிச்சத்தையே பாக்கலையேம்மா. நிறம் வர்றதுக்கு வெயில் வேணும்" என்று தட்டைத் தூக்கி, தான் எப்போதும் நிற்கிற ஜன்னலோரத்தில் வைத்தார். முத்துமாரி அன்று போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் அவள் வந்தபோது மதிய வெயில் நேராகத் தட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நாற்றுகள் நிமிர்ந்திருந்தன, இன்னும் சில புதிதாக வந்திருந்தன. அவள் பக்கத்தில் போகாமல் கதவருகிலேயே நின்று தம்பிக்கு வீடியோ கால் போட்டாள். தனியாகப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை என்று பிறகு சொன்னாள். மறுமுனையில் தம்பி கருப்பசாமி தெரிந்தான். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு முகம், அதற்குப் பின்னால் இன்னொன்று, சேலைத் தலைப்புகள், சேறு காயாத ஒரு சுவர். ஊரே அந்தப் போனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"எக்கா, பக்கத்துல காட்டு. கழுத்தக் காட்டு."

முத்துமாரி கதவருகிலிருந்து நகரவில்லை. மேடம் போனை வாங்கினார். தட்டுக்கு முன்னால் குனிந்து, ஒரு நாற்றின் கழுத்துக்கு நேராகப் பிடித்தார். மண்ணிலிருந்து இலை வரை அந்தக் கழுத்து முழுக்கச் சிவப்பாக இருந்தது. அடுத்ததற்கு நகர்த்தினார். அதுவும் சிவப்பு. அதற்கடுத்ததும்.

மறுமுனையில் முகங்கள் இன்னும் நெருங்கி வந்தன. பிறகு ஒரு கிழவரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "நம்மதுதான்லே அது."

உடனே பெண்கள் குலவை போட்டார்கள். முளைப்பாரிக்குப் போடுகிற அதே குலவை. அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து கிளம்பி, திறந்திருந்த முளைப்பு அறைக்குள்ளும் போய், ஈரக் காகிதச் சுருள்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தது. இங்கே முத்துமாரி ஒருத்திதான், அவளும் வாயில் கை வைத்து அழுதுகொண்டே பதில் குலவை போட்டாள். மேடம் போனைத் தாழ்த்தவே இல்லை. அவர்கள் நிறுத்துகிறவரை அந்தச் சிவந்த கழுத்துக்கு முன்னால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.